ஷட்டருக்கு இரண்டு பூட்டு

என் செல்ல அண்ணிக்கு, உங்கள் மேல் தீராத பாசத்தோடும் இப்போது புதிதாக வந்த கோபத்தோடும்,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் ஒருவரையும் நம்புவதில்லை. கடலில் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று இப்போது எல்லாரும் போனைப் பார்த்துச் சொல்கிறார்கள். அதையும் நம்பாமல் நான் நேரே போய் உப்பனாற்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

நம் வாய்க்கால் சங்கத்துக்கு நீங்கள் தலைவியாக இருந்தபோது போட்ட ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. ஏற்றத்தில், வாய்க்கால் உப்பனாற்றில் சேரும் இடத்து ஷட்டரை இறக்கி உப்புத் தண்ணீரைத் தடுக்கிறோம், வற்றத்தில் தூக்கி மழைத்தண்ணீரை வடிய விடுகிறோம். ஷட்டரை ஏற்றி இறக்கும் சக்கரத்துச் சங்கிலியில் அதே இரண்டு பூட்டு; இரண்டையும் திறந்தால்தான் சக்கரம் சுற்றும். ஒரு சாவி என் இடுப்பில். உங்கள் சாவி இப்போது உங்கள் மகன் செந்திலிடம்.

அங்கேதான் எனக்கு உறுத்தல். கிள்ளை டீக்கடையில் இறால் பண்ணைக்காரனோடு அவன் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இறாலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், நெல்லுக்கு ஆகாது. அவனோடு இவனுக்கு என்ன பேச்சு? கேட்டால், "சும்மாதான் அத்தை" என்றான். சும்மா எவன் டீ வாங்கிக் கொடுக்கிறான், அண்ணி?

ஏற்றம் பெரிதாக வரும் போன அமாவாசைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். சம்பா நடவு முடிந்து பயிர் அப்போதுதான் வேர் பிடிக்கிறது. இந்த நேரத்தில் உப்பு ஏறினால் நம் வாய்க்காலில் ஒரு வீட்டுக்கும் நெல் கிடையாது. செந்தில் வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, நீங்க படுங்க. சாவிய குடுங்க, நான் போய் ஷட்டர எறக்கிட்டு வந்துடறேன்."

திடீரென்று என்ன இவ்வளவு அக்கறை? ஒரு சாண் தூக்கலாகவே விட்டுவிட்டு வந்தால் எனக்குத் தெரியுமா? போர்வையைச் சுற்றிக்கொண்டு அவன் வண்டியில் ஏறிவிட்டேன். அவன் சக்கரத்தைச் சுற்றி இறக்கினான். நான் இரண்டு பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"அந்தப் பண்ணைக்காரன் என்னடா கேட்டான்?"

"ஷட்டர கொஞ்சம் தூக்கி வுடச் சொன்னான். எங்க அத்தை சாவி இல்லாம ஆவாதுன்னுட்டேன்."

"என் சாவியும் உன்கிட்ட இருந்தா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்களுக்கு மட்டும்தான் சந்தேகப்படத் தெரியுமா? அம்மா ஆஸ்பத்திரில என்கிட்ட சாவிய குடுக்கறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஒங்க அத்தைக்கு எளகின மனசு ஜாஸ்தி. எவனாவது வந்து அழுதா தொறந்து வுட்டுடுவா. அவ கேட்டாலும் சாவிய குடுக்காத'ன்னாங்க."

அண்ணி! ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். என்னையா? வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் வாயை அடைக்க அவனே கட்டிச் சொல்லியிருப்பானோ என்றும் யோசித்தேன். ஆனால் "எளகின மனசு" என்று என்னை உங்களைத் தவிர வேறு யார் சொல்வார்கள்? நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த இரண்டாவது பூட்டை யாருக்காகப் போட்டீர்கள், அண்ணி? பண்ணைக்காரனுக்கா, எனக்கா?

மறுநாள் காலை வயலில் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி நக்கிப் பார்த்தேன். கரிப்பு இல்லை. பயிர் பச்சையாக நிற்கிறது. செந்தில் அவன் சாவியை எனக்குத் தரவில்லை, நான் என் சாவியை அவனுக்குத் தரவில்லை. வரும் பௌர்ணமிக்கும் அவன் வண்டியில்தான் போகப் போகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். என் காலம் முடிகிறபோது இந்தச் சாவியை என் மகள் கையில் கொடுத்து, அவள் காதில் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்: "செந்தில் மச்சான் தங்கமான பிள்ளைதான்டி. ஆனா கேட்டா சாவிய மட்டும் குடுத்துடாத."

நீங்கள் கடைசிவரை நம்பாத, உங்களை மட்டும் இன்னும் நம்புகிற,
உங்கள் நாத்தனார் அஞ்சலை