உறுதியில் என் மகள் முஸ்பிறாவின் பெயர்

அனுப்புபவர்:
ஜெ. கைருன்னிஸா (மர்ஹூம் ஜெமீலின் மனைவி),
கடற்கரை வீதி, கல்முனை.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர்

விடயம்: காணி உறுதிப் பட்டியலில் மருமகனின் பெயரை நீக்கி மகளின் பெயரைச் சேர்த்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் சந்தோசத்தைச் சொல்லிவிட்டு முறைப்பாட்டுக்கு வருகிறேன். இருபது வருடமாக வெறும் அரச அனுமதிப்பத்திரத்தோடு குடியிருந்த எங்கள் வீட்டு வளவுக்கு முழு உரித்துள்ள உறுதிப் பத்திரம் கிடைக்கப்போகிறது என்று அறிந்த நாள் முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆனால் அனுமதிப்பத்திரக் காணியில் மகனுக்கே முதலிடம் என்றிருந்தது. மூத்தவள் முஸ்பிறா இருக்க, இளையவன் அஸ்பாக்குக்கு உரித்துப் போய்விடுமே என்ற கவலையோடுதான் என் கணவர் மௌத்தானார். அந்த ஒழுங்கு திருத்தப்பட்டு இப்போது ஆண் பெண் வேறுபாடில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததும் அழுதேன், ஐயா. அஸ்பாக்கும் மனதாரச் சம்மதித்துள்ளார்.

3. இனி நடந்த பிழை. அது எங்களுடையதே, உத்தியோகத்தர் எவருடையதும் அல்ல. உறுதிக்கான விசாரணைக்குத் தங்கள் அலுவலக ஆள் வந்த அன்று நான் இத்தாவில் இருந்தேன். கணவரை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முஸ்பிறா பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நின்ற ஒரே ஆண் மருமகன் பர்ஸான். வந்தவருக்குப் பிளேன்டீ கொடுத்தார், கேட்டதும் அடையாள அட்டையையும் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பின்னர் விசாரித்தபோது, "ஆம்புள ஆள்ட விபரந்தான் வேணுமாக்கும் எண்டு நினைச்சிட்டன் மாமி" என்றார்.

4. இத்தா முடிந்து நான் வெளிக்கிட்ட முதல் பயணம் தங்கள் அலுவலக அறிவித்தல் பலகைக்கே. அங்கே தொங்கிய பட்டியலில் உரித்தாளர் பர்ஸான் என்று இருந்தது.

5. மருமகன் தங்கமான பிள்ளை. அவருடைய தாயார் லைலாவைப் பற்றி மரியாதைக்காக அதிகம் எழுதவில்லை. பட்டியல் வந்த மறுநாளே அவர் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்து, "எண்ட மகன்ட வளவுதானே" என்று முன்பக்கத்தில் கடை போட அடி அளந்தார் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். உறுதி அப்படியே அச்சானால், என் மகள் தான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே வாடகைக்காரி போலாகிவிடுவாள்.

6. உறுதி வழங்கும் நாள் எதிர்வரும் 28ஆம் திகதி என்பதால், அதற்கு முன் மீள்விசாரணை செய்து, எனக்குள்ள உரித்தை நான் விட்டுக்கொடுப்பதையும் பதிந்து, பெயரைத் திருத்தித் தருமாறு பணிவோடு வேண்டுகிறேன். எந்த நேரம் ஆள் அனுப்பினாலும் வாசலில் நானே நிற்பேன்.

இணைப்பு: அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், அஸ்பாக்கின் சம்மதக் கடிதம்.

கல்முனை
2025.02.11

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஜெ. கைருன்னிஸா

மேலே மாமி எழுதியவை உண்மை. என் பெயரை வெட்டிவிடவும். உம்மாவோடு நான் கதைத்துவிட்டேன்.
மு. பர்ஸான்