கராமா அறையில் பாடிய இத்தாலியப் பாட்டு

அண்ணே,

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வெளிவரும் தாளின் வாசனை பட்டாலே நீங்கள் வந்து நின்றுவிடுகிறீர்கள். இன்று மகளின் கீபோர்டு பாடத்தை நகலெடுக்கப் போன கடையிலும் அப்படித்தான்.

துபாயில், அந்தக் கராமா அறையில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் உங்களுடையது. நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமையானால் சர்ச்சில் பாடப் போய்விடுவீர்கள். இத்தாலியில் ஏதோ ஒரு நூலகம் தன்னிடமிருந்த பழைய இசைத்தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். என் ஆபீசில் நெட் உண்டு. விடுவீர்களா?

"மக்கா, எல்லாம் கையால எழுதுன பாட்டு. எத்தனை வருசமா யாரும் பாடாம கெடக்கோ! ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வா."

"அதப் பாடி என்னண்ணே பண்ணப் போறீங்க?"

"எப்படி இருக்கும்னு தெரியாண்டாமா? விசா முடியதுக்கு முன்ன கேட்டுரணும்."

கொண்டுவந்தேன். பூச்சி அரித்த ஓட்டைகளும் கறுப்புப் புள்ளிகளாக அச்சாகியிருந்தன. "இது சுரமா, பூச்சி தின்னதா?" என்று தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? லத்தீன் சொற்களுக்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் பாடினீர்கள். அப்படி ஒரு குதூகலமான மெட்டு! நான் சாம்பார்ச் சட்டியில் தாளம் போட்டேன்.

"பாத்தியா, அந்தக் காலத்துலயும் சந்தோசமாத்தான் இருந்திருக்கானுவ" என்றீர்கள். அந்த நிறைவோடு ஊருக்குப் போனீர்கள். பிறகு ஒருநாள் போனில் நீங்கள் போய்விட்ட செய்தி வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு வர முடியாமல் போனது இன்றும் ஆறவில்லை.

இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்த நம் தாளை இன்று மகளின் கீபோர்டு டீச்சரிடம் காட்டினேன். கோவாக்கார அம்மா. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருக்கும் குறிதான் எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று சொல்லுமாம். இதில் இருப்பது பழைய காலத்துக் குறி. நீங்கள் சர்ச்சில் பழகிய குறியாக நினைத்துப் படித்துவிட்டீர்கள். அவர் சரியாக வாசித்ததும் அறையே கனத்துப்போனது. செத்தவருக்காக அழுகிற பாட்டாம், அண்ணே!

அவர் எதிரிலேயே சிரித்துவிட்டேன். உங்களிடம் சொன்னால், "அப்படியா? அப்ப இன்னொரு தடவ பாடிப் பாப்போம்" என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்காக அதைச் சரியான மெட்டில் பாடிப்பார்த்தேன். வரவில்லை. வாயில் வருவது நீங்கள் பாடியதுதான். கை தானாகச் சட்டியைத் தேடுகிறது.