ஒற்றைக் குழல் வேண்டாம் என்றேன்

மார்ச் 3

இன்று வீட்டில் என் பேச்சுதான் எடுபட்டது. எப்போது எடுபடவில்லை?

அக்கா மகள் பாப்பாவுக்கு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று மாதம் பார்ப்பார்களாம், தேறினால் நிரந்தரம். கட்டைவிரல் உயரத்தில் நூற்றுப்பத்து மண் பொம்மைகள். இவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தொடாமல், தினமும் ஒவ்வொன்றாகப் பார்த்து, புது விரிசல் விழுந்திருக்கிறதா என்று பதிவேட்டில் எழுத வேண்டும். "எண் 14. விரிசல் ஒன்று. பழையது. மாற்றம் இல்லை." இந்த மாதிரி நூற்றுப்பத்து வரி. இதற்கு இரண்டு வருடப் படிப்பு வேறு! எட்டாவதோடு நிறுத்திய நான் இதைத் தூக்கத்தில் எழுதுவேன்.

வெறும் கண்ணுக்கு எட்டவில்லையாம். கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிற கருவி ஒன்றை அவளே கொண்டுவர வேண்டுமாம். "மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றாள். தெரியுமாவா! துறைமுகத்தில் இருந்த காலத்தில் நான் பைனாகுலரை எடுத்தேன் என்றால், தூரத்தில் வருகிற கப்பலின் கேப்டன் அன்றைக்கு ஷேவ் செய்தானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். (நான் இருந்தது துறைமுக கேன்டீன். ஆனால் கேன்டீனுக்கு ஜன்னல் இருந்தது.)

மார்ச் 5

கடைக்குத் தனியாகத்தான் போனேன். பாப்பாவும் வருகிறேன் என்றாள். நிபுணன் போகிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்று உட்கார வைத்துவிட்டேன்.

கடைக்காரர் ஒரு தொணதொணப்பு. விரல் நீளத்தில் ஒற்றைக் குழல் ஒன்றை எடுத்து நீட்டினார். "கிட்டத்துல பார்க்கிறதுக்கு இதாங்க தோது. ஒரு கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எழுதலாம். பெரிய பைனாகுலர் கிட்டத்துல சரிப்படாது. ரெண்டு குழலும் தள்ளித் தள்ளி இருக்கா, உருவம் ரெண்டா தெரியும். பார்க்கப் போறவங்களையே கூட்டிட்டு வந்துடுங்களேன்."

ஒற்றைக் குழலாம்! ஒற்றைக் கண்ணனுக்கு விற்கிற சாமானை எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு விற்கப் பார்க்கிறான். இருப்பதிலேயே பெரியதை எடுக்கச் சொன்னேன். எதிர் அலமாரியில் இருந்த பெட்டியின் பொடி எழுத்தைப் பார்த்தேன். கத்தி மாதிரி தெரிந்தது. "எனக்கு ஒண்ணாத்தான்யா தெரியுது!" என்றேன். வாயை மூடிக்கொண்டு ரசீது போட்டார்.

மார்ச் 6

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. இந்த நோட்டைத் தவிர யாரிடம் சொல்ல?

என் இடது கண் இருபது வருடமாக ஓய்வில் இருக்கிறது. தறிகெட்டு ஓடிவந்த காளையிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியபோது போனது. பார்க்க நல்ல கண் மாதிரியேதான் இருக்கும். அக்காவுக்குக்கூடத் தெரியாது. வலது கண் இரண்டு ஆள் வேலை செய்கிறபோது எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆக, எனக்கு எல்லாமே ஒன்றாகத்தான் தெரியும். அந்த ஆள் சொன்னது உண்மையாக இருக்குமோ? சே. வியாபாரப் பேச்சு.

மார்ச் 9

"ரெண்டு ரெண்டா தெரியுது மாமா" என்கிறாள் பாப்பா.

பழக வேண்டும் என்றேன். "நானும் முதல் வாரம் ரெண்டு ரெண்டா கப்பலப் பார்த்தவன்தான்." அத்தான் செய்தித்தாளைத் தாழ்த்தி, "சாப்பாட்டுத் தட்டும் ரெண்டா தெரிஞ்சதா மச்சான்?" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 10

"ஒரு கண்ண மூடிக்கிட்டா ஒண்ணாயிடுது மாமா. ஆனா இந்த கனத்துக்கு ரெண்டு கையும் வேணும். கீழ வச்சிட்டு பேனாவ எடுக்கறதுக்குள்ள எந்த பொம்மையப் பார்த்தேன்னே மறந்துபோகுது. கடையில மாத்தித் தருவாங்களா?"

"ஒரு தடவை கண்ணுல வச்சுட்டா எவன் திருப்பி வாங்குவான்?" என்றேன்.

ரசீது இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும். இன்று ஐந்தாவது நாள். மாற்றப் போனால் இவளும் கூட வருவாள். அந்த ஆள் வாய் சும்மா இருக்காது. "இவருக்கு மட்டும் எப்படிங்க ஒண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்டால்?

வேண்டாம்.

மார்ச் 13

ஏழு நாள் முடிந்தது. நிம்மதி.

மார்ச் 17

ஏழு நாள் முடிந்த அன்றே அக்காவிடம் தனியாகச் சொன்னேன். கருவியில் குறை இல்லை, பெண்ணின் கண்ணில்தான் ஏதோ கோளாறு, இரண்டிரண்டாகத் தெரிவது நல்லதற்கில்லை, துறைமுகத்தில் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆரம்பித்து ஆறே மாதத்தில் தடி ஊன்றிப் போனான் என்றேன். (அப்படி ஒருத்தன் இல்லை. இருந்திருக்கலாம்.) அக்கா முகம் வெளுத்துவிட்டது. நாலு நாளாகப் பெண்ணை அடுப்புப் பக்கம் விடவில்லை. பாப்பா கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்க்கிறாள்.

கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேனோ? ஆனால் நன்றாக வந்தது. தடி ஊன்றிய இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

மார்ச் 24

வேலை போய்விட்டது.

எண் 61ல் புது விரிசல் என்று எழுதினாளாம். கூடத்தை மூடி, வெளியூரிலிருந்து ஆளை வரவழைத்துப் பார்த்தார்கள். விரிசல் இருந்தது 16ல். "இருக்கிற விரிசல விட்டுட்டு இல்லாததுக்கு எழுதியிருக்கியேம்மா" என்றாராம் மேலதிகாரி. திட்டக்கூட இல்லையாம். சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம்.

சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். "நான் அப்பவே சொன்னேன்ல, கண்ணக் காட்டுங்கன்னு" என்றேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

மார்ச் 27

கண் டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தாராம். இரண்டு கண்ணும் பழுதில்லை. "வாங்கினவர் கண்ண வேணா காட்டச் சொல்லுங்க" என்று விளையாட்டாகச் சொன்னாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பாப்பா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொம்மையைப் பார்ப்பதுபோல.

மார்ச் 30

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். பாப்பா பைனாகுலரைக் கொண்டுவந்தாள். "பிரிச்சு சரி பண்ணிட்டேன் மாமா. நீங்க பார்த்து சொன்னாத்தான் நம்புவேன்."

கேட்க வேண்டுமா! வாங்கிக் கண்ணில் வைத்தேன். எதிர்ச் சுவரில் காலண்டர் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி மாமா?"

"பிரமாதம்!"

"ரெண்டு குழல்லயுமா?"

"ரெண்டுலயும்தான். இன்னும் சொல்லப்போனா இடது குழல்தான் கூடுதல் தெளிவு. அந்தக் காலத்துலயே எனக்கு இடதுதான் ராசி."

கையிலிருந்து வாங்கினாள். இடது குழலின் மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே வட்டமாக வெட்டி ஒட்டிய கறுப்பு அட்டை. விரல் நுனியில் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

அத்தான் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. நிறுத்திவிட்டார்.

"டேய் தம்பி... எத்தன வருஷமாடா?" என்றாள் அக்கா.

லைட் சரியில்லை என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஏப்ரல் 1

அக்கா இப்போதெல்லாம் காபியை என் வலது கைப் பக்கமாக வைக்கிறாள். குழந்தைக்குச் சொல்வதுபோல, "இந்தா, இங்க இருக்கு" என்கிறாள். அத்தான் கிண்டல் பண்ணுவதில்லை. கிண்டல் பண்ணினால் தேவலை.

ஏப்ரல் 2

நோட்டில் வைத்திருந்த ரசீதைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு வட்டம் இருக்கிறது.

எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். என்றைக்கிலிருந்து?

சரி. படிக்கிறவளுக்காக ஒன்று எழுதி வைக்கிறேன். காளை கிடையாது. குழந்தையும் கிடையாது. கேன்டீன் சுவரில் ஆணி அடித்தேன். கவனம் வேறெங்கோ. தெறித்தது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 4

நேற்று முன்தினம் எழுதியதற்குக் கீழே பென்சிலில், பதிவேட்டுக் கையெழுத்தில், அழகாக:

"உருப்படி: மாமா. விரிசல் ஒன்று, இடது பக்கம். பழையது. மாற்றம் இல்லை."

அழிக்க ரப்பர் எடுத்தேன். அழிக்கவில்லை. இந்த முறை அவள் எழுதியது சரி.