தொட்டில் கட்டியதும் நிறுத்திய மாத்திரை

1963, ஆடி கடைசி வெள்ளி

நீயே சொல்லு மாரியாத்தா, ராசு என்னிடம் மறைக்கலாமா? நான் வளர்த்த அக்கா மகன் அவனுக்குப் பிள்ளை வேண்டி உன் மரத்தில் தொட்டில் கட்டினேன். இன்று அவன் மனைவி அழுகிறாள்.

“மதுரை டாக்டர் மாத்திரையாலதான் அவுக மனசு ஒடைஞ்சு மூலையில முடங்காம இருந்தாக, அத்தை. ஆனா அதைப் போட்டதுலேருந்து என்னைத் தொட முடியல. நீங்க தொட்டில் கட்டினதும் மாத்திரையை நிறுத்திட்டாக.”

ஏன் சொல்லவில்லை என்று ராசுவைக் கேட்டேன்.

“ஒங்ககிட்ட சொன்னா தெருவுக்கே தண்டோரா போட்டுருவீக, சின்னம்மா” என்று சிரித்தான். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. நாளை இவனைப் பட்டாசுக் கம்பெனிக்கு எப்படி அனுப்புவேன்?

பெற்ற பிள்ளையாக வளர்த்தேனே, என்னை வேற்றாளாக்கிவிட்டான்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. “எந்தத் தொந்தரவுன்னாலும் நீங்களா நிறுத்தாம வந்து சொல்லுங்க, மருந்தை மாத்தலாம்” என்று, நான் அவனைக் கூட்டிப்போன அன்றே அந்த மதுரை டாக்டர் சொன்னார்.