ஓடை தாண்டிய பத்தியக்கறி

அன்பு மகளுக்கு,

கொரோனாவுக்காக எல்லையை மூடினால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி போகாது என்று நினைத்துவிட்டார்கள். கன்னியர் பாடசாலையில் பூகோளத்தில் முதலாவதாக வந்தவள் நான். டென்மார்க்கையும் ஜேர்மனியையும் பிரிக்கும் ஆறு எங்கே ஓடையாக ஒடுங்குகிறது என்று வரைபடத்தில் தேடிப் பிடித்து, அந்த இடத்தை உன் ஜேர்மன்காரருக்கு எழுதி அனுப்பினேன்.

நேற்று அவர் அக்கரையிலிருந்து எறிந்த கயிற்றில் தூக்குச்சட்டியைக் கட்டும்போது பொலிஸ்காரர் வந்து, இது கடத்தல் என்றார். “என் கால் டென்மார்க்கில்தான் நிற்கிறது. கறிக்கு எதற்குப் பாஸ்போட்?” என்று டெனிஷில் கேட்டேன். சிரித்துவிட்டு அவரே கயிற்றைப் பிடித்தார்.

“அம்மா, சறுக்கப் போகுது, கவனம்!” என்று அக்கரையில் நின்ற நீ கத்தினாய். உன் கலியாணத்துக்குப் பிறகு, ஏழு வருடத்தில் நீ என்னோடு கதைத்தது அதுதான். நான் சறுக்கவில்லை.

இன்று அதே கயிற்றில் திரும்பி வந்த சட்டியின் அடியில் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. எல்லை திறந்ததும் உன் வீட்டுக்கு வந்து, கழுவும் முறையைக் காட்டுவேன். மருமகனிடம் சொல்லிவை.

உன் அம்மா