Z உன் இடம்

நேற்று மாலை உன் மகளும் மருமகனும் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் உன் துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரிப்பதற்கு முன்பே உன் தைல வாசனை வந்துவிட்டது. உள்ளே ஹார்ட் டிஸ்க். மேலே சிவப்பு நகப்பூச்சில் நீ எழுதிய Z. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த எழுத்து கொஞ்சமும் உதிரவில்லை. உன் பிடிவாதம் அதற்கும் வந்திருக்கிறது.

"ஆன்டி, அம்மா எடிட் பண்ணது எல்லாம் போச்சு," என்று அழுதாள். உன் கிள்ளான் வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகிவிட, மருமகன் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகியிருக்கிறார். அவர்களுடைய கல்யாண வீடியோவைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு காட்சியும் இல்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது ரோசாக் லா, கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிட்டு வேற எதுக்காச்சும் வச்சுக்குங்க," என்றாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதர் எதிரில் இல்லாதது அவருடைய நல்ல நேரம்.

ரோசாக்காவது மண்ணாவது! எனக்குத் தெரியாதா? நீ கிள்ளானில், நான் இங்கே, நடுவில் ரயிலில் பிஸ்கட் டின்னுக்குள் போய்வந்த டிஸ்க்குகள். அப்படித்தானே ஊரார் கல்யாண வீடியோக்களையெல்லாம் வெட்டி ஒட்டினோம். டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் அதற்கு அடையாளமாக அந்த நேரத்தில் காலியாக உள்ள ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிடும். உன் வீட்டில் E, என் வீட்டில் G. எடிட்டிங் ஃபைல் பழைய எழுத்தைத் தேடிப்போய், அங்கே ஆள் இல்லையென்று திரையைச் சிவப்பாக்கிக் கைவிரித்துவிடும். படம் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். நமக்குத்தான் உயிர் போகும்.

அதனால் நீ இரண்டு வீட்டிலும் ஒரே எழுத்தை நிரந்தரமாக வைத்தாய். "முன்னாடி இருக்கற எழுத்தையெல்லாம் வர்ற போற பென்டிரைவ் பிடிச்சுக்கும்டி. நாம கடைசியில உட்காருவோம். அங்க எவனும் வர மாட்டான்." W வாடிக்கையாளர்களுக்கு. Z நம் சொந்தங்களுக்கு.

எழுத்தில்தான் உனக்குக் கடைசி வரிசை. மகள் கல்யாணத்தில் என்ன செய்தாய் என்பதை நான் மறக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கும்போது உன் நாத்தனார் வந்து, "அண்ணி, நீங்க கொஞ்சம் பின்னால நின்னுக்குங்க. நல்ல காரியம் பாருங்க," என்றாள். புருஷன் இல்லாதவள் என்பதை அவள் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். நீ நேரே என்னிடம் வந்து கேமராவைப் பிடுங்கினாய். "கேமராக்காரிய எவ பின்னால போகச் சொல்றான்னு பார்க்கறேன்." என்னை வேனிலிருந்து பேட்டரி எடுத்து வர விரட்டிவிட்டு, ஐயருக்கே இடம் விடாமல் மணவறையை ஒட்டிப் போய் நின்றாய். நான் திரும்பி வருவதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, "எடிட்டிங்க தாலி கட்டற இடத்துல நிறுத்தியிருக்கேன்டி. வந்து பார்த்துக்கறேன்." வரவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்லாதவர் இந்த வீட்டில் இல்லை. நான் விடவில்லை. நேற்று அதில் உன் டிஸ்க்கைச் செருகினேன். வேறெதையும் தொடவில்லை. அதுவாகவே Z என்று காட்டியது. ஒரு வருடமாக எத்தனையோ பென்டிரைவ் வந்து போயின. உன் இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. சிவப்பெல்லாம் மறைந்து, உன் மகள் பட்டுச்சேலையில் தலை குனிந்து வந்தாள். நான் அழுதுவிட்டேன். மருமகன் பார்த்தால் பார்க்கட்டும்.

நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகு வெட்டாத படம் இருந்தது. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகிறது. படம் ஒரு குலுங்கு குலுங்கிச் சாய்கிறது. அப்புறம் மண்டபத்துக் கூரை, ஒரு மின்விசிறி, ஒரு டியூப்லைட். கேமராவை நாற்காலியில் போட்டுவிட்டாய்! கூரைக்குக் கீழே மஞ்சள் அரிசி பறக்கிறது. மேளத்தையும் மீறி உன் குரல். "நல்லா இரு கண்ணு! நல்லா இரு!"

உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா அட்சதை போடலன்னு அத்தை சொன்னாங்க ஆன்டி. இத்தனை நாளா அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

தாலி கட்டும் காட்சியைக் கோட்டைவிட்ட கேமராக்காரி என்று வெட்கப்பட்டுத்தானே என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாய்? பைத்தியக்காரி.

மருமகன் நல்ல பையன். "என் ஃப்ரெண்ட் போன்ல தாலி கட்டறது கிளியரா இருக்கு ஆன்டி. அத இங்க போட்டுட்டா நீட்டா இருக்கும்ல?" என்றார்.

"ஒரு நொடி வெட்ட மாட்டேன்," என்றேன். உன் மகளும் அவர் கையைப் பிடித்து, "வேணாங்க," என்றாள்.

கூரையை முழுசாக வைத்தே முடித்தேன். அவர்கள் லேப்டாப்பிலும் உன் டிஸ்க்குக்கு Z வைத்துக் கொடுத்தேன். மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அந்த எழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

டிஸ்க் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் நாத்தனார் வீட்டில் விருந்து. உன் மகள் என்னையும் அழைத்திருக்கிறாள். டிவி முன்னால் முதல் நாற்காலியில் உன் நாத்தனாரை உட்காரவைத்து, சத்தத்தை முழுசாக வைத்து, அந்தக் கூரையைக் காட்டப் போகிறேன்.