கற்பூரம் அணைக்காத கை

ஆலமேட்டுக்குப்பம்,
15.1.89

அன்பு மருமகள் தனபாக்கியத்துக்கு உன் தாய்மாமன் நீலமேகம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடு.

இங்கே நடந்ததெல்லாம் நடக்கும் என்று போன ஐப்பசியிலேயே சொன்னவன் நான். நாலு பேர் சாட்சி. ஒருவர் காலமாகிவிட்டார், மற்ற மூவரைக் கேட்டுப் பார்.

ஒரு கட்சிக்காரர் காரில் வந்து, கோயில் மண்டபத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஊர் ஓட்டு அறுநூறும் ஒரே சின்னத்தில் விழ வேண்டும். ஊர்த் தலைவர் நாட்டார் காயாரோகணம் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு ஒருவர் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று உத்தரவு. உன் அப்பா இல்லாததால் உன் அம்மாவைக் கூப்பிட்டார்கள். கமலவல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பஞ்சாயத்து. அங்கே பொம்பளைகள் வரவும் கூடாது, பேசவும் கூடாது, தெரியுமே. கூடப் பிறந்தவன்தான் பேச வேண்டும். எழுந்தேன் பார்! "என் ஓட்டை எங்கே குத்துவேன்னு அம்மன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்னா, ஒங்ககிட்டயா சொல்லுவேன்? இதுதான் எங்க வீட்டுப் பேச்சு" என்றேன். தேர்தல் சட்டம் எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பிரிவையும் எடுத்துவிட்டேன். நாட்டார் வாயிலிருந்த வெற்றிலை விழுந்தது. அலையே ஒரு நிமிஷம் நின்றது.

ஆனாலும் சத்தியம் பண்ணும்வரை கரை ஏலத்தில் அவளுக்கு விற்க மீன் கிடையாது என்று தீர்ப்பு. கலங்காதே, மாமன் இருக்கிறேன்.

நீலமேகம்


மன்னார்குடி,
18.1.89

அன்புள்ள மாமாவுக்கு, தனபாக்கியம் எழுதியது.

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் மாமா இப்படிப் பேசுவார் என்று எனக்கே தெரியாது! எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு எதிலும் இல்லை மாமா. ஆனால் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று யாரும் கேட்க முடியாது என்பது நிஜமான சட்டம். ஓட்டு வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாக்கப் போகிறார்களாம். இந்தத் தேர்தலுக்கு நான் வெளியேதான். அம்மா ஓட்டுதான் எங்கள் இரண்டு பேருக்கும்.

மீன் இல்லாமல் அம்மா எப்படிப் பிழைப்பாள்? தஞ்சாவூர் கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். சாட்சியாக உங்கள் பெயர். பஞ்சாயத்தில் நீங்கள் பேசியதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது இல்லாமல் மனு நிற்காது.

உங்கள் மருமகள்,
தனபாக்கியம்


ஆலமேட்டுக்குப்பம்,
22.1.89

அன்பு மருமகளுக்கு,

நேற்று ஓட்டு முடிந்தது. ஒரு வாரமாக உன் அம்மா விடியுமுன் பக்கத்துக் குப்பத்துக்கு நடந்து மீன் வாங்கி விற்கிறாள். நேற்றும் அந்த மீன் கூடையோடுதான் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வெளியே வந்ததும் நாட்டார் வழிமறித்தார்.

"யாருக்குப் போட்டே?"

"அறுநூறு சீட்டு இருக்கு நாட்டாரே. அதுல என்னுது எதுன்னு நீங்களே பொறுக்கி எடுங்க."

வரிசையில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு பலர் சிரித்தார்கள். இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

நீ கேட்ட சாட்சிக் காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தரம்தான் கையெழுத்துப் போட்டேன். இது கலெக்டர் கைக்குப் போனால் எனக்கும் படகில் பங்கு இருக்காது. போகட்டும், அவள் கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ அனுப்பு.

அனுப்புமுன் படித்துவிடு. முதல் கடிதத்தில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றல்ல. நானும் கற்பூரம் அணைத்தவன்தான். அன்று பஞ்சாயத்தில் "கமலவல்லிக்குப் பேச யாரு இருக்கா?" என்று நாட்டார் மூன்று தரம் கேட்டார். நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே நின்றவள் உள்ளே நடந்து வந்தாள். நான் பேசியதாக எழுதிய அத்தனையும் அவள் பேசியது. அந்தப் பிரிவு எண் மட்டும்தான் என்னுடையது.

நான் எழுந்திருக்கவே இல்லை, தனபாக்கியம்.

நீலமேகம்